நான்காம் வார்த்தைக்கு எழுதிய குறிப்பு

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

இந்த வேலையை விட்டுப் போவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் போதகர். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தவர்கள். சால்வையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. காய்ச்சல் ஏறினால் அவளுக்கு வலிப்பு வந்துவிடும். அதனால் போன் அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று இந்தத் தாளை எடுத்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எழுதுகிறேன்.

அகராதிகளை எப்படிப் பார்ப்பது, எபிரெயத்துக்கும் அரமேயத்துக்கும் என்ன உறவு என்பதெல்லாம் நீங்கள் இறையியல் செமினரியில் படித்தவைதான். அதை விட்டுவிடுகிறேன். இயேசுவும் முதல் சீடர்களும் வீட்டிலும் தெருவிலும் பேசியது அரமேயம். சுவிசேஷங்களோ கிரேக்கத்தில் எழுதப்பட்டன. அந்தக் கிரேக்கத்துக்குள் பழைய பேச்சின் சில சொற்கள் மட்டும் கரையாமல் கிடக்கின்றன. அப்பா, மாரநாதா, எப்பத்தா, கொல்கொதா. ஒவ்வொன்றுக்கும் மூலம் என்ன, ஆரம்ப காலச் சபை அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதில் ஆளுக்கொரு வாதம் உண்டு. அந்த வாதங்களைப் படித்து, சலித்து, ஒரே பக்கத்தில் எளிய தமிழில் குறிப்பாகத் தருவது நம் வேலை. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகளைச் சுற்றி இருக்கும் சிறு சபைகளில் பேசுகிறவர்கள் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். பெரும்பாலும் உற்பத்தி லைனில் நின்றுவிட்டு வருகிறவர்கள். உட்கார்ந்து படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. அதனால் குறிப்பை எழுதியவரே பேசப்போகிறவரின் வீட்டுக்குப் போய் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு வர வேண்டும் என்பது நம் சபை அலுவலகத்தின் வழக்கம். இந்த வேலையில் கடினமான பகுதி அதுதான் என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் சேர்ந்த புதிதில் அது கடினமாக இல்லை. வேடிக்கையாக இருந்தது. பென்னலூரில் தனபால் அண்ணன் என்று ஒருவர். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். அவருக்கு 'அப்பா' என்ற சொல்லைப் பற்றி வாசித்துக் காட்டப் போனேன். நான் முதல் வரியை முடிப்பதற்குள் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"இரும்மா. அப்பான்னா தமிழுதானே? அப்போ அவரு தமிழ் பேசிகீறாரு. இத்த ஏன் உங்காளுங்க வெளிய சொல்ல மாட்றீங்க?"

குழந்தைகளின் வாயில் முதலில் வரும் ஒலிகளிலிருந்து பல மொழிகளில் இப்படிச் சொற்கள் உண்டாகியிருக்கின்றன, அதற்காக ஒரு மொழி இன்னொன்றாகிவிடாது என்று பொறுமையாகச் சொன்னேன். உடனே அவர் அடுத்த வாதத்துக்குத் தாவினார்.

"அப்போ கொழந்தை பேச்சுன்றியா? எங்க பழைய பாஸ்டர் அப்பிடித்தான் சொல்வாரு. மழலையில கூப்ட்றாருன்னு. கேட்டாலே எனக்குக் கண்ணு கலங்கிடும்."

"இல்லண்ணா. வளந்தவங்களும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. மழலைன்னு சொன்ன அறிஞர்கள் இருந்தாங்க. அது சரியில்லன்னு அப்புறம் வந்தவங்க காட்டிட்டாங்க."

"அதான் பாத்தேன். எனுக்கு அம்பது வயசு ஆவுது. எங்கப்பன இன்னமும் அப்பான்னுதான் கூப்பிட்டுகினு கீறேன். அந்தாளு திரும்பிக் கூடப் பாக்கறதில்ல."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஞாயிறு தனபால் அண்ணன் சபையில் அதையே சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டு, பிறகு அமைதியானார்கள். சரியான அர்த்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நம்பிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் நீங்களும் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

இனி நான் எழுத வந்த விஷயம்.

பெரிய வெள்ளியன்று மதியம் நடக்கும் மும்மணி நேர ஆராதனை உங்களுக்குத் தெரியும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். நம் சபையில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. நான்காம் வார்த்தை, அதாவது 'ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி' என்று அவர் கத்திய வார்த்தை, அந்த ஆண்டு சாவு நடந்த வீட்டிலிருந்து ஒருவருக்குத் தரப்படும். யார் தொடங்கியது என்று தெரியவில்லை. தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, சொந்தம் என்று பக்கத்தில் யாருமில்லாமல் இருந்த முதல் குடும்பங்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்டது என்கிறார்கள். துக்க வீட்டை மறக்கவில்லை என்று காட்டுவதற்காக இருக்கலாம். நல்ல வழக்கமா, கொடுமையான வழக்கமா என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

போன ஆண்டு சாவு ஜெபசெல்வி அக்காவின் வீட்டில். தூத்துக்குடிப் பக்கத்து ஊர்க்காரர். கணவர் இல்லை. ஒரகடத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. ஒரே மகள் பெனிட்டா, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றாள். ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது, திரும்பிக்கொண்டிருந்த கன்டெய்னர் லாரியின் பின் சக்கரத்தில் சிக்கிப் போய்விட்டாள். அடக்கத்துக்குப் பிறகு ஜெபசெல்வி அக்கா சபைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். வந்தாலும் கடைசி பெஞ்சு. பாட்டுக்கு வாய் திறப்பதில்லை.

நான்காம் வார்த்தையை அவருக்குக் கொடுப்பது என்று முடிவானதும் நான் குறிப்பு எழுதினேன். எழுத எதுவும் புதிதாக இல்லை. 'சபக்' என்ற வினைக்கு அடிப்படைப் பொருள் விடுதல். கடனை விட்டால் மன்னிப்பு, ஆளை விட்டால் கைவிடுதல். மரத்தை வெட்டி அடிக்கட்டையை மண்ணில் விட்டுவைக்கவும் அதே வினைதான் வரும். இயேசு கத்தியது, பழைய ஏற்பாட்டில் துன்பத்தில் பாடும் சங்கீதப் பாடல் ஒன்றின் முதல் வரி. ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கேள்வி. அந்த ஒலியை எழுதிவைத்த சுவிசேஷகர்கள் இருவருமே பக்கத்தில் கிரேக்கத்தில் அதன் பொருளையும் எழுதிவிட்டார்கள்.

மாடியிலுள்ள அலுவலக அறையில் போதகர் குறிப்பை இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேற அர்த்தம் இருக்காமேம்மா. மூல அரமேயத்துல அது கேள்வியே இல்லையாம். 'இதற்காகவே என்னை வைத்திருந்தீர்'னு சொல்றாராம். ஒரு சகோதரர் வீடியோவில் விளக்கமா சொல்றார்."

அந்த வீடியோவை நானும் பார்த்திருந்தேன். பின்னணியில் வயலின் ஓடும்.

"அப்படிச் சொல்றவங்க இருக்காங்க ஐயா. விட்டுவைக்கறதுங்கற பொருளை இழுத்து, வச்சிருந்தீர்னு ஆக்கறாங்க. ஆனா அவர் பேசினதைக் கேட்ட தலைமுறைக்குப் பக்கத்துல இருந்தவங்களே கைவிட்டீர்னுதான் எழுதி வச்சிருக்காங்க. நம்மளவிட அவங்களுக்குத் தெரியாதா?"

"தப்புன்னு அடிச்சுச் சொல்வியா?"

"பெரும்பாலான அறிஞர்கள் ஏத்துக்கல ஐயா."

"பெரும்பாலானன்னு சொல்ற. அப்போ கொஞ்சம் இடம் இருக்கு."

நான் அகராதியைத் திரும்ப எடுத்துப் புரட்டினேன். என் பலவீனம் அது. யாராவது 'நிச்சயமா?' என்று கேட்டால், அடுப்பை அணைத்தேனா என்பதுகூட எனக்குச் சந்தேகமாகிவிடும்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் உன்னோட வாதாட வரல. அந்தப் பிள்ளைய நான்தான் அடக்கம் பண்ணேன். பெட்டியத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்தம்மா மூடின பெட்டியத்தான் தடவிக்கிட்டே நின்னாங்க. இப்ப அவங்கள மேடையில ஏத்தி, கடவுள் கைவிட்டுட்டார்னு பேசச் சொல்றதா? பிடிச்சுக்க ஏதாவது ஒண்ணு வேணாமா? நீ குறிப்பைக் குடுத்துட்டு உன் குழந்தையப் பாக்கப் போயிடுவ. ஈஸ்டர் அன்னிக்கு அவங்க முன்னாடி நிக்கப் போறது நான்."

அவர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வேலையில் எதிரே நிற்பவர் பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் தவறான அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முட்டாளாக இருந்தால் மறுப்பது சுலபம்.

போதகரே குறிப்பை மாற்றி எழுதி அச்சுக்குக் கொடுத்தார். 'கைவிட்டீர் என்றும் சிலர் கொள்வர்' என்ற ஒரு வரியைக் கடைசியில் சிறிய எழுத்தில் சேர்க்க விட்டார். அதற்கே நன்றி சொன்னேன்.

வாசித்துக் காட்டப் போக வேண்டியதும் நான்தான். படப்பையில் புதிதாகப் போட்ட மனைப் பிளாட்டுகளுக்குள், கடைசித் தெருவில், ஒற்றை அறை வாடகை வீடு. ஜெபசெல்வி அக்கா விடுதியிலிருந்து வந்து, வெங்காய வாடை போகாத கையோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் பெனிட்டாவின் கம்பெனி அடையாள அட்டை, கயிற்றோடு ஆணியில் தொங்கியது. அருகில் படம் எதுவும் இல்லை.

"வாம்மா. பாயில இரி. பிள்ள எங்க?"

"டே கேர்ல இருக்காக்கா."

"நல்லா இருக்காளா? சரி, வாசி."

வாசித்தேன். 'இதற்காகவே என்னை வைத்திருந்தீர்' என்ற இடம் வந்ததும் அவர் தலையைத் தூக்கினார். நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அந்த இடத்த இன்னொரு தரம் வாசி."

வாசித்தேன்.

"இதுக்காவன்னா எதுக்காவ?"

"அந்தச் சிலுவைக்காகன்னு அர்த்தம்கா. அந்த நோக்கத்துக்காகவே..."

"அப்போ எம்பிள்ளைய அந்த லாரிக்குன்னுதான் வச்சிருந்தாராம்மா? பத்தொம்பது வருசம் சோறு போட்டு, படிக்க வச்சி, சடை பின்னி அனுப்புனது அதுக்குத்தானா?"

போதகரும் நானும் அந்த மாடி அறையில் அத்தனை வாதம் செய்தோம். பேசப்போகிறவர் தன் மகளை வைத்துத்தான் அந்த வாக்கியத்தைக் கேட்பார் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ படிச்சவ. இத நீதான் எழுதுனியா?"

"இல்லக்கா."

"நீ எழுதுனா என்ன எழுதியிருப்ப?"

அலுவலகம் கொடுத்ததை வாசித்துவிட்டு வருவதுதான் என் கடமை. வாசித்துவிட்டேன். எழுந்து வந்திருக்கலாம். ஒரு தாய் கேட்கிறபோது தெரிந்ததை மறைப்பதும் கடமைதானா என்று அந்த நேரத்தில் எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. சொன்னேன்.

"அந்தச் சொல்லுக்கு விட்டுட்டுப் போறதுன்னுதான்கா அர்த்தம். ஏன் என்னை விட்டுட்டீங்கன்னு கேக்கறார்."

"விட்டுட்டுப் போறதா? நெசமாவா?"

"ஆமாக்கா."

"அவரையுமா?"

"அப்படித்தான் கேக்கறார்."

"பொறவு? பதில் வந்துச்சா?"

அவர் கேட்டது அந்த மதியத்தைப் பற்றி. மூன்றாம் நாள் உயிர்த்தெழுதலைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். சொல்லும் வழக்கமும் உண்டு. ஆனால் அவர் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

"அங்க வரலக்கா."

"செரி," என்றார். அப்போது டே கேரிலிருந்து போன் வந்தது. உடம்பு லேசாகச் சுடுகிறது, வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். கையில் இருந்த குறிப்பை அவர் பாயிலேயே வைத்துவிட்டு ஓடினேன். செருப்பை மாட்டும்போது, "ஓடு, ஓடு. பிள்ளையப் பாரு," என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

பெரிய வெள்ளியன்று கோவிலில் மின்விசிறிகள் சூடான காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. சில கம்பெனிகளில் அன்றும் லைன் ஓடியதால், ஆட்கள் சீருடையோடு ஆராதனையின் நடுவில் வந்து பின்னால் நின்றார்கள். முதல் மூன்று வார்த்தைகளும் நீண்டன. நான்காவதற்கு ஜெபசெல்வி அக்கா எழுந்து போனார். கையில் தாள் இல்லை.

"எல்லாருக்கும் தோத்திரம். இந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம் அடிச்சிக் குடுத்தாவ. அது எனக்கு வேண்டாம். ஏன் விட்டுட்டுப் போனீருன்னு அவரு கேட்டாரு. நானும் அதத்தான் தெனமும் கேக்கேன். அவருக்கும் அங்க பதில் வரல. எனக்கும் வரல. எனக்குப் பேச வேற ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். இறங்கி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போதகர் எழுந்து அவசரமாக ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், "பாவம், விசுவாசம் போயிடுச்சு," என்று காதில் சொன்னாள். எனக்கோ, அந்த வார்த்தையை அவ்வளவு சரியாகப் பேசி யாரையும் நான் கேட்டதில்லை என்று தோன்றியது. அந்த நிமிடத்தில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

ஈஸ்டருக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து பழங்களோடு போனார்கள். தண்ணீர் கொடுத்து, பேசி அனுப்பினார், சபைக்கு வருவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லையாம். இரண்டாம் முறை போனவர்கள் அச்சிட்ட குறிப்பையே திரும்பவும் கொண்டுபோய் விளக்கியிருக்கிறார்கள். மூன்றாம் முறை போக யாரும் பிரியப்படவில்லை.

போதகர் என்னைத் திட்டவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் நின்று சொன்னார். "நீ சொன்ன அர்த்தம் சரியாத்தான் இருக்கும்மா. நான் திரும்பப் பாத்தேன். ஆனா அது சரின்னதால என்ன மிஞ்சிச்சு, சொல்லு."

மறைமலை நகருக்கு வேலைக்குப் போகும் என் கணவரிடம் அதையே கேட்டேன். "பொய் சொல்லிருந்தா மட்டும் இன்னா, அந்தம்மா நிம்மதியா இருந்திருக்குமா? நீயே எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்காத," என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று அதிலும் எனக்குச் சந்தேகம்.

போதகரின் குறிப்பைச் சொன்னபடியே வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? லாரிக்காக வளர்த்த கடவுளைச் சுமந்துகொண்டு அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உண்மையைச் சொன்னதால் இப்போது கடவுளும் இல்லை, பெஞ்சும் இல்லை. இரண்டில் எது மேல் என்று ராத்திரி குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் எடை போடுகிறேன். எனக்கே அப்படி ஒரு நாள் வந்தால் எந்த அர்த்தம் வேண்டுமென்று கேட்பேன்? முன்பெல்லாம் அந்த நினைப்பை உடனே தள்ளிவிடுவேன். இப்போது அது தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் இந்த வேலையை விடுவதற்குக் காரணம் குழந்தையின் உடம்பு என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். 'இதற்காகவே' என்ற குறிப்புதான் இன்னும் அச்சில் இருக்கிறது. இந்த ஆண்டுக்கும் அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் எழுதியது கணினியில் இருக்கிறது. வாதம் என்று வந்தால் என்னுடையதுதான் நிற்கும். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுத உட்காரும் முன், அதைக் கையில் வாங்கப்போகிறவர் யார் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்டபின் என்ன எழுத வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த ஆண்டு நான்காம் வார்த்தை யார் வீட்டுக்கு என்று உங்களுக்கே தெரியும். அந்த வீட்டுக்குப் போகிற அன்று வேறு எங்கும் போக வேண்டியிருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். என்னால் அது முடியவில்லை.

போன வாரம் ஒரகடத்திலிருந்து வரும்போது ஷேர் ஆட்டோவில் எதிரே ஜெபசெல்வி அக்கா இருந்தார். மடியில் காய்கறிப் பை. மெலிந்திருந்தார். நான் கும்பிடுவதற்குள் அவரே பேசினார்.

"நல்லா இருக்கியாம்மா? பிள்ளைக்கு இப்போ காச்சல் கீச்சல் இல்லல்லா?"

"இல்லக்கா. நீங்க..."

"இருக்கேன்." ஆட்டோ ஒரு கன்டெய்னருக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. அது போகும்வரை அவர் கண்ணை மூடியிருந்தார். பிறகு திறந்து, ஏதோ நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோலச் சொன்னார்.

"நீ சொன்னது நெசம்தாம்மா. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் பதில் வரல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்கத்தான் தெரிந்தது. ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தபோது ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "யம்மா, டே கேர் ஸ்டாப்னு சொன்னியே, எறங்கு எறங்கு, பின்னால வண்டி நிக்குது," என்று சத்தம் போட்டார்.

நேரமாகியிருந்தது. குழந்தை காத்திருப்பாள். இறங்கிவிட்டேன்.